ஸ்மித்ஸின் வானொலிப் பதிவுகள்: ஆல்பத்தைவிட மேலா?

மார்ச் 4 – மலேசியாவின் தெலுக் இந்தானிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

பழைய ஆங்கில இண்டி ராக் கேட்கிறவர்கள் இங்கே உண்டா? ஸ்மித்ஸ் குழுவின் முதல் ஆல்பம் எனக்குத் தட்டையாக இருக்கிறது. அதே பாட்டுகளை பிபிசி வானொலிக்கு வாசித்தது மட்டும் உயிரோடு இருக்கிறது. நேரடி ஒலிபரப்பு என்பதால்தானே இந்த வித்தியாசம்?

மார்ச் 4, இரவு

நேரடி ஒலிபரப்பு இல்லை தம்பி. அதை முதலில் ஓரமாக வைத்துவிடலாம்.

பிபிசி வானொலி அறிவிப்பாளர் ஜான் பீல் நிகழ்ச்சிக்கு ஒரு குழுவை அழைத்தால், பெரும்பாலும் பிபிசியின் லண்டன் மைடா வேல் ஒலிப்பதிவுக் கலைக்கூடத்துக்கு வரச் சொல்வார்கள். மதியம் சாமான்களை இறக்கி, இரவுக்குள் நான்கு பாட்டுகளைப் பதிவு செய்து, ஒலிக்கலவையும் முடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். ஒன்றிரண்டு இடத்தில் குரலையோ கித்தாரையோ மேலே சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் வாரக்கணக்கில் உட்கார்ந்து இழைக்க நேரம் கிடையாது. ஸ்மித்ஸ் முதன்முறை போனது 1983 மே 18. ஒலிபரப்பானது மே 31. நடுவில் இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் குறைவு. இதில் 'நேரடி' என்று எதைச் சொல்வது? நான்கு பேர் ஒரே அறையில் ஒன்றாக வாசித்தார்கள் என்பதை வேண்டுமானால் சொல்லலாம்.

ஆகவே அது மேடைப் பதிவும் இல்லை, ஆல்பமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு இனம். உன் காது கேட்டது சரி, காரணம்தான் வேறு.

மார்ச் 5, காலை

எதைக் கேட்பது என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். 1984 நவம்பரில் வந்த 'ஹேட்ஃபுல் ஆஃப் ஹாலோ' தொகுப்பு. மொத்தம் 16 பாட்டு, அதில் 10 வானொலிக்காக வாசித்தவை. சில பீல் நிகழ்ச்சிக்கு, சில இன்னொரு பிபிசி அறிவிப்பாளர் டேவிட் ஜென்சன் நிகழ்ச்சிக்கு. 3 பவுண்டு 99 பென்ஸுக்கு மேல் கொடுக்காதே என்று அட்டையிலேயே அச்சடித்து விற்றார்கள். முதல் ஆல்பம் வந்து ஒன்பது மாதம்கூட முழுதாக ஆகவில்லை. அதற்குள் அதே பாட்டுகளின் வேறு வடிவத்தை மலிவு விலையில் இறக்குகிறார்கள் என்றால், தங்கள் ஆல்பத்தைப் பற்றி அவர்களுக்கே என்ன எண்ணம் இருந்தது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 5, மாலை

"பிபிசிக்கு என்ன வந்தது, இசைத்தட்டைப் போட்டால் போதாதா?" என்று ஈப்போ அண்ணன் கேட்கிறார். நல்ல கேள்வி. போட முடியாது, அதுதான் விஷயம். இசைக்கலைஞர் சங்கத்தோடும் தட்டு நிறுவனங்களின் அமைப்போடும் இருந்த ஒப்பந்தப்படி, ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் இசைத்தட்டு சுழலலாம் என்று அளவு வைத்திருந்தார்கள். எல்லா நேரமும் தட்டே பாடினால் வாசிக்கிறவன் சோற்றுக்கு என்ன செய்வான் என்பது சங்கத்தின் வாதம். மீதி நேரத்தை நிரப்ப ஆட்களை அழைத்து, சம்பளம் கொடுத்து வாசிக்க வைத்தாக வேண்டும். 1988 வரை இந்தக் கட்டுப்பாடு இருந்தது.

அதாவது பீல் பதிவுகள் என்று இன்றைக்கு நாம் கொண்டாடுகிற நாலாயிரத்துச் சொச்சம் பதிவுகளில் பெரும்பகுதி, ஒரு தொழிற்சங்க நிபந்தனையின் பக்கவிளைவு. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளான நமக்கு இது உடனே புரிய வேண்டும். சங்கம் கூலியை மட்டும் கேட்டது, கூடவே ஒரு பொக்கிஷமும் வந்து சேர்ந்தது.

மார்ச் 7

இனி நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இவன் எதற்கு இதில் இவ்வளவு சூடாகிறான் என்று தோன்றும்.

ஊர் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னால் 1948 ஜூன் 16, தோட்ட துரைமார் சுடப்பட்டது, அவசரகாலம் என்று ஆரம்பிப்பார்கள். அடுத்து அரசியல் தலைவர் துன் சம்பந்தன். மூன்றாவதாகச் சொல்ல ஒன்றும் வைத்திருக்க மாட்டார்கள். ராக் இசை அந்தப் பட்டியலில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நான் வளர்ந்தது பட்டணத்துக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயன் வீட்டில், இப்போது அங்கே முழுக்கச் செம்பனை. வாலிப வயதில் ஒரு மேடை இசைக்குழுவில் பேஸ் கித்தார் வாசித்தேன். மாரியம்மன் கோயில் திருவிழா, கல்யாணம், தீபாவளிக் கலைநிகழ்ச்சி, யார் கூப்பிட்டாலும் லாரியில் ஏறிவிடுவோம். வாசித்ததில் முக்கால்வாசி இளையராஜா. அவர் பாட்டில் பேஸ் சும்மா அடியில் கிடக்காது, அதுவே தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகும். ஒரு சுரம் தப்பினாலும் பாடகர் திரும்பி முறைப்பார்.

எங்கள் நிகழ்ச்சிகளைக் கேசட்டில் பிடித்து வைத்திருந்தார்கள். ஒலிபெருக்கி வாடகைக்காரர், மைக்குகள் எல்லாம் வந்து சேரும் மிக்சருக்குப் பின்னால் ஒரு கேசட் டெக்கைச் செருகிவிடுவார். மறுநாள் அதைப் போட்டுக் கேட்டால் நான் இருக்கவே மாட்டேன். டிரம் அடித்தவனும் இருக்க மாட்டான். பாடகர், கீபோர்டு, எக்கோ, நடுவில் "அண்ணே, லைட்டு" என்று யாரோ கத்துவது, அவ்வளவுதான்.

காரணம் எளிது. கோயில் திடல் சின்ன இடம். டிரம் தன் சத்தத்திலேயே கடைசி வரிசை வரைக்கும் போகும், அதற்கு மைக் வைக்க மாட்டார்கள். பேஸ் என் ஆம்ப்பிலிருந்து நேராக வெளியே போகும். மிக்சருக்குள் நுழைவது தன்னால் சத்தம் போட முடியாதவை மட்டும். கேசட்டில் பதிவதும் அவை மட்டும். திடலில் எது பெரிதாகக் கேட்டதோ அது நாடாவில் காணாமல் போயிருக்கும். மிக்சரிலிருந்து எடுத்த மேடைப் பதிவுகள் பலவற்றில் இந்தத் தலைகீழ்க் கணக்கு உண்டு, பெரிய குழுக்களுடையதிலும்கூட. இடம் சிறியதாக இருக்க இருக்கத் தலைகீழ் கூடும்.

அதனால்தான் 'நேரடிப் பதிவு என்பதால் உயிர் இருக்கிறது' என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று வரும். நேரடிப் பதிவில் செத்துக் கிடந்தவன் நான்.

மார்ச் 7, பின்னிரவு

மேலே உள்ளதைப் படித்துவிட்டு "அப்போ மைடா வேலில் மட்டும் என்ன வித்தியாசம்?" என்று தெலுக் இந்தான் தம்பி கேட்கிறான். வித்தியாசம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆள். அந்தக் கட்டடம் 1909இல் சறுக்குச் சப்பாத்து அரங்கமாகக் கட்டியது. முப்பதுகளிலிருந்து பிபிசியின் சிம்ஃபனி வாத்தியக்குழு அங்கேதான் இருந்தது. அங்கே வேலை பார்த்த பொறியாளர்கள் இன்றைக்கு ஜாஸ், நாளைக்கு நாடகம், அதற்கடுத்த நாள் எங்கிருந்தோ வந்த நான்கு பையன்கள் என்று பழகியவர்கள். எல்லா வாத்தியத்துக்கும் மைக் உண்டு. வந்தவர்களை நட்சத்திரமாக்குவது அவர்கள் வேலை இல்லை. என்ன வாசித்தார்களோ அது கேட்க வேண்டும், இரவு ஆனதும் கதவைப் பூட்ட வேண்டும். அந்த அலட்சியம் கலந்த திறமை இருக்கிறதே, அது பேஸ் வாசிக்கிறவனுக்குப் பெரிய உபகாரம்.

மார்ச் 9

பத்து காஜாவிலிருந்து ஒரு ஐயா எழுதியிருக்கிறார்: 1983லேயே சிற்றலையில் ஸ்மித்ஸின் பீல் பதிவைக் கேட்டாராம், நிகழ்ந்தது நன்றாக ஞாபகமாம்.

ஐயா, கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பதிவு போனது பிபிசி ரேடியோ 1இல். அது பிரிட்டனுக்குள் மத்திய அலையிலும், இரவில் பண்பலையிலும் கேட்கும் நிலையம். பேராக் வரைக்கும் எட்டாது. நீங்கள் கேட்டது உலகச் சேவையாக இருக்கும். அதிலும் பீல் தனியாக ஒரு நிகழ்ச்சி நடத்தினார், அதற்கு நம் பக்கத்தில் நல்ல சிக்னல் இருந்தது. முன்பு நம் ஜொகூர் தெப்ராவிலேயே பிபிசியின் மறு ஒலிபரப்பு நிலையம் இருந்தது. 1979இல் சிங்கப்பூர் கிராஞ்சிக்கு மாறியது. ஆக அவர் குரலைக் கேட்டிருப்பீர்கள், அதில் சந்தேகமில்லை. அந்த அலுத்துப்போன மாதிரியான பேச்சை ஒருமுறை கேட்டால் மறக்காது. ஸ்மித்ஸைப் பின்னால் கேசட்டில் கேட்டு, இரண்டையும் மனசு ஒன்றாக முடிந்துவிட்டிருக்கும்.

எனக்குக் கிடைத்தது பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில். 1987 காப்புரிமைச் சட்டம் வரும் வரைக்கும் வெளிநாட்டு இசை நம் ஊரில் எப்படி விற்றது என்று வயதானவர்களுக்குத் தெரியும். மங்கலான வண்ண நகல் அட்டை, தப்பும் தவறுமாகப் பாட்டுப் பட்டியல். 'ஹேட்ஃபுல்' ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற தொகுப்பு, அறுபது நிமிடக் கேசட்டில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. இது வானொலிப் பதிவு என்று அட்டையில் ஒரு வார்த்தை கிடையாது. இதுதான் அசல் என்று நம்பி வளர்ந்தேன். ஆல்பத்தை ரொம்ப நாள் கழித்துக் கேட்டபோது யாரோ நகல் எடுத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

மார்ச் 10

சிலர் பாட்டுப் பாட்டாகச் சொல்லச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் சொல்ல மாட்டேன்.

'பேக் டு தி ஓல்ட் ஹவுஸ்': தட்டில் வந்தது முழுக்குழுவோடு. பீல் பதிவில் ஜானி மாரின் கித்தாரும் பாடகர் குரலும் மட்டும். பேஸ்காரனுக்கு வேலையே இல்லாத இந்தப் பாட்டுத்தான் எனக்கு அதிகம் பிடித்தது. கேலி செய்பவர்கள் செய்துகொள்ளலாம்.

'ஸ்டில் இல்': வானொலி வடிவத்தில் மவுத் ஆர்கன் வரும். ஆல்பத்தில் அதை எடுத்துவிட்டார்கள். ஏன் எடுத்தார்களோ.

'திஸ் சார்மிங் மேன்': இது கதையுள்ள பாட்டு. 1983 செப்டம்பர் 14இல் நடந்த இரண்டாவது பீல் பதிவுக்கென்றே மார் மெட்டமைத்தது. அப்புறம்தான் தனித்தட்டாக வந்தது. தனித்தட்டில் கித்தாரை மட்டும் பத்து தடத்துக்கு மேல் அடுக்கியிருக்கிறார்கள். மினுமினுப்பு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வானொலி வடிவத்தில் ஒரு கித்தார் விட்ட இடைவெளியில் ஆண்டி ரூர்க்கின் பேஸ் துள்ளிக்கொண்டு போகிறது. அந்த மனிதருக்கு ஃபங்க் இசை பிடிக்கும் என்பது அங்கே தெரியும். ராஜா பாட்டு வாசித்துப் பழகிய விரலுக்கு அந்த ஓட்டம் சொந்தக்கார வீடு மாதிரி.

'திஸ் நைட் ஹேஸ் ஓப்பன்ட் மை ஐஸ்': குழு இருந்த காலத்தில் இதற்குக் கலைக்கூட வடிவம் வெளிவரவே இல்லை. பீல் பதிவுதான் பாட்டு. மெதுவான தாளம், பேஸ் முன்னால் நின்று நடத்துகிறது. ஒரு நாள் மதியம் நான்கு பேர் அந்த அறைக்குப் போயிருக்காவிட்டால் இது நம் கைக்கு வந்திருக்குமா என்று தெரியாது.

'ரீல் அரவுண்ட் தி ஃபவுண்டன்': முதல் பீல் பதிவில் ஒழுங்காகப் போய்விட்டது. பிறகு ஆகஸ்டில் ஜென்சன் நிகழ்ச்சிக்காகத் திரும்ப வாசித்தார்கள். அதற்குள் ஒரு நாளிதழ் அவர்கள் பாடல்வரிகளைப் பற்றிப் பரபரப்பாக எழுத, பிபிசி பயந்து அந்தப் பாட்டை மட்டும் ஒலிபரப்பாமல் நிறுத்திக்கொண்டது. பத்திரிகைக்குப் பயந்து பாட்டை நிறுத்துவது நம் ஊர் வழக்கம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 10, இன்னொன்று

"தமிழனுக்கு எதற்கு இந்த வெள்ளைக்காரன் அழுகை?" என்று ஒரு வரி போட்டுவிட்டு ஓடிவிட்டார் ஒருவர். எல்லீகேட்ஸ் யார் ஐயா? பினாங்கின் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள் மலாயில் பாடி இந்த நாட்டையே ஆட வைத்தார்கள். அவர்களிடம் யாரும் போய் எதற்கு என்று கேட்கவில்லை. மெட்டுக்கு பாஸ்போர்ட் இல்லை, ஓடாமல் உட்கார்ந்து பேசுங்கள்.

(ஸ்மித்ஸ் பாடகரின் பிற்கால அரசியல் பேச்சுகளை நான் ஆதரிப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நான் இங்கே பேசுவது அவருக்குப் பின்னால் நின்றவர்களைப் பற்றி.)

மார்ச் 13

ஆல்பத்தின் பக்கம் நின்று ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். நியாயமான பேச்சு. முதலில் டிராய் டேட் என்பவர் தயாரித்து முழு ஆல்பமே கிட்டத்தட்ட முடிந்து, அதைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டார்கள். பிறகு ஜான் போர்ட்டர் வந்து திரும்ப எடுத்தார். ஜென்சனுக்கான இரண்டாவது பதிவைத் தயாரித்தவரும் இதே போர்ட்டர்தான். ஆகவே வானொலி ஆள் நல்லவர், ஆல்பத்து ஆள் கெட்டவர் என்று பிரிக்க முடியாது. இரண்டும் ஒரே ஆள். முந்தின செலவை விழுங்கிவிட்டு, குறைந்த நேரத்தில், பல இடங்களில் துண்டு துண்டாக எடுத்தது அந்த ஆல்பம். அப்படியிருந்தும் 1984 பிப்ரவரியில் வெளிவந்து பிரிட்டன் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது.

பால் கேராக்கின் பியானோவும் ஆர்கனும் மூன்று பாட்டில் வருகிறது. 'ரீல் அரவுண்ட்' ஆல்ப வடிவத்தில் அந்தப் பியானோ எனக்கு இப்போதெல்லாம் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. வயது காரணமாக இருக்கலாம்.

அதற்காக என் கட்சியை மாற்றவில்லை, கொஞ்சம் கூர்மையாக்கிக்கொள்கிறேன். ஆல்பம் மோசம் என்பது என் வாதம் இல்லை. ஆல்பத்தில் இரண்டு பேர் வாசிப்பதுதான் காதில் விழுகிறது, வானொலியில் நான்கு பேருடையதும் விழுகிறது. இந்தக் கணக்கு பின்னால் நீதிமன்றம் வரைக்கும் போனது. பதிவு வருமானத்தில் பாடகருக்கும் மாருக்கும் ஆளுக்கு 40 விழுக்காடு, ரூர்க்குக்கும் டிரம் வாசித்த மைக் ஜாய்ஸுக்கும் ஆளுக்கு 10 என்று நடந்துவந்தது. ஜாய்ஸ் வழக்குப் போட்டு, 1996இல் சம பங்கு என்று தீர்ப்பு வாங்கினார். ரூர்க் அதற்கு முன்பே ஒரு தொகையை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டார். 2023 மே மாதம் போய்ச் சேர்ந்தார். 'திஸ் சார்மிங் மேன்' வானொலி வடிவத்தைக் கேட்டுவிட்டு அந்த மனிதருக்கு 10 விழுக்காடு போதும் என்று சொல்ல முடிகிறதா பாருங்கள்.

எங்கள் குழுவில் பாடகருக்கு நூறு வெள்ளி (ரிங்கிட்) என்றால் எனக்கு இருபது, அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. சரி, விடுங்கள்.

மார்ச் 16

பேச்சு எங்கெங்கோ போகிறது, நானும் கொஞ்சம் போகிறேன். பீல் பதிவுகளில் நம் ஆட்கள் கட்டாயம் கேட்க வேண்டியது வெடிங் பிரசண்ட் குழு செய்தது. லீட்ஸ் நகரத்து இண்டி பையன்கள். கித்தார் வாசித்த பீட்டர் சோலோவ்காவின் அப்பா உக்ரேனியர். எண்பதுகளின் கடைசியில் பீல் நிகழ்ச்சிக்குப் போய், தங்கள் சொந்தப் பாட்டை விட்டுவிட்டு உக்ரேனிய நாட்டுப்பாடல்களை வாசித்தார்கள், அதுவும் அந்த மொழியிலேயே. அது 1989இல் தொகுப்பாகவும் வந்தது. ஆல்பமாகப் போட முதலில் யார் காசு கொடுத்திருப்பார்கள்? ஒரு நாள் வேலை, தோற்றாலும் நஷ்டம் இல்லை என்பதால் துணிந்தார்கள்.

நம்மிடம் என்ன இல்லை? பால் வெட்டும்போது பாடிய தோட்டத்துப் பாட்டு இருக்கிறது, உறுமி மேளம் இருக்கிறது. உறுமியின் அந்த இழுவையை பேஸ் கித்தாரில் சறுக்கி எடுத்தால் எப்படி இருக்கும் என்று நான் வீட்டில் தனியாக முயன்றதுண்டு. மனைவி கதவைச் சாத்திவிட்டாள். இளையவர்கள் யாராவது நல்ல அறையில், நல்ல மைக்கோடு, ஒரே நாளில் நான்கு பாட்டு என்று உட்கார்ந்து பார்க்கலாம். இப்போது அதற்குப் பிபிசி வேண்டியதில்லை. ஆனால் ஒரு நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள். கணினி இருக்கிறதென்று ஒரு வருஷம் நோண்டிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும்.

மார்ச் 17

கடைசியில் தம்பி கேட்டதற்குச் சுருக்கமாக: முதலில் 'ஹேட்ஃபுல்', அப்புறம் முதல் ஆல்பம், அப்புறம் 1984 ஆகஸ்ட் 1இல் எடுத்த மூன்றாவது பீல் பதிவு. அதில் 'ரஷோம் ரஃபியன்ஸ்' பாட்டின் ஆரம்ப வடிவம் இருக்கிறது. இன்னும் முழுசாக ஒழுங்கு செய்யாத நிலையில் கேட்கலாம். ஹெட்ஃபோன் போட்டுக் கேள், கைப்பேசி ஸ்பீக்கரில் பேஸ் வராது. வராவிட்டால் நான் இத்தனை நாள் எழுதியது வீண்.

மார்ச் 21

என் எழுத்தைப் படித்துவிட்டு எங்கள் பழைய கீபோர்டுக்காரர் கூப்பிட்டார். அவர் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் நிறையத் திருவிழாக் கேசட் இருக்கிறதாம், கணினியில் ஏற்ற முடியுமா என்றார். முடியும். டெக்கின் ஹெட்டை ஆல்கஹாலில் துடைத்து, பக்கத்தில் உள்ள சின்னத் திருகை மெதுவாகத் திருகி, நாடா பதிவான கோணத்துக்குக் கொண்டுவந்தால் மேல்சத்தம் தெளியும். முதலில் ஒருமுறை முன்னும் பின்னும் முழுக்க ஓட்டிவிட வேண்டும், ஒட்டிக்கொண்டிருக்கும். பூஞ்சை பிடித்தது இருந்தால் அதை மற்றவற்றோடு வைக்கக் கூடாது, டெக்கில் போடவும் கூடாது.

எப்படித் துடைத்தாலும் என் பேஸ் அதில் வராது என்று அவரிடம் சொன்னேன். "உன் பேஸ் யாருக்கு வேணும், என் கீபோர்டு இருக்குல்ல" என்றார்.